கரடியா, மானா

மூன்றே மூன்று மிருகங்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஐம்பத்தொரு வயசு மனுஷி ஒரு வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் அவள் வீட்டுக்காரர்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. நரம்பே தெரியாத குண்டுக் கை, பயத்தில் இறுகிப்போன குழந்தைக் கை, நடுங்குகிற வயசான கை, எதுவானாலும் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டு, இங்கேதான் என்று ஊசியை இறக்கிவிடுவாள். இரண்டாவது குத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படிப்பட்டவள் கரடி வேண்டுமா, பருந்து வேண்டுமா, மான் வேண்டுமா என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே அவள்மேல் கடுப்பாக இருந்தது.

விளையாட்டின் பெயர் ஏழு வாசல். நாலு பேர் சேர்ந்து ஒரு குழுவாக ஒவ்வொரு வாசலாகக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பூதம் நிற்கும். இவர்கள் குழு ஐந்து வாசலைக் கடந்து ஆறாவதில் மாட்டிக்கொண்டு நின்றது. ஒன்பது தடவை மோதி ஒன்பது தடவையும் தோற்றாகிவிட்டது. குழுவில் கத்தியோடு முன்னால் நிற்பது அவள் மகள். அம்பு விடுவது மகளின் பள்ளிக்கூடத் தோழி. போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அந்தப் பெண்ணை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது. மைக் கிடையாது, பேச்சு கிடையாது, எப்போதாவது ஒரு வரி டைப் அடிப்பதோடு சரி. அதனால் அவனுக்குத் தூக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாலாவது ஆள்தான் இவள். கேப்டன் இவளுக்கு வைத்த பெயர் ஊசியம்மா.

ஊசியம்மாவுக்குக் கொடுத்திருந்த வேலை, மிருகத்தை வரவழைப்பது. "பின்னாடி நின்னா போதும் ஆன்ட்டி, இதுதான் இருக்கறதுலயே ஈஸி" என்று சொல்லித்தான் கேப்டன் சேர்த்துவிட்டாள். முப்பத்தொன்பதாம் லெவல் வரைக்கும் ஈஸியாகத்தான் இருந்தது. சின்னச் சின்ன நெருப்பு உருண்டையை எறிந்துகொண்டு பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள். நாற்பதாம் லெவல் வந்ததும் மூன்று மிருகத்தைக் காட்டி ஒன்றை எடு என்றது. எடுத்தால் எடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது. கரடி யாருக்கு ஆபத்தோ அவர்களுக்கு முன்னால் போய் நின்று அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பருந்து பூதத்தின் கண்ணைக் குத்தும். மான் காயத்தை நக்கி ஆற்றும். அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. காயம்பட்டவர் விசிலடித்தால்தான் மான் போகும். வளர்க்கிறவள் தொண்டை கிழியக் கத்தினாலும் நகராது.

ஊசியம்மா ஏன் இந்தக் கூத்துக்கு வந்து சேர்ந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், வேலைவெட்டி இல்லாத பொம்பளை என்று நினைத்துவிடுவீர்கள்.

எட்டு மாசத்துக்கு முன்னால் மகள் இவளோடுதான் இருந்தாள். ஒரு பெரிய கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். வேறு ஊரில் புதுக் கிடங்கு திறக்கிறார்கள், அதற்கு மகளையே பொறுப்பாகப் போடுவதாகப் பேச்சு இருந்தது. அந்த நேரம் பார்த்து மகளுக்கு அடிக்கடி தலைசுற்றல். அம்மா வேலை செய்கிற இடத்திலேயே ரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட் சாயங்காலம் வரும். இவள் அதுவரை பொறுப்பாளா? மெஷின் பக்கத்திலேயே நின்று நம்பரைப் பார்த்துவிட்டாள். ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி ஒன்று. பன்னிரண்டாவது இருக்க வேண்டும். அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரே கிடங்குக்குப் போய் மேனேஜரைப் பார்த்து, பிள்ளைக்கு ரத்தமே இல்லை, அலையவிடாதீர்கள், உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கொடுங்கள் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுவிட்டு வந்தாள். மேனேஜர் நல்ல மனுஷர். உடனே கேட்டுக்கொண்டார். புதுக் கிடங்கை வேறு ஒருவருக்குக் கொடுத்தார், மகளுக்கு முன்வாசலில் ரிஜிஸ்டர் எழுதுகிற மேசையைக் கொடுத்தார்.

அன்றைக்கு மகள் வீட்டுக்கு வந்து கத்தவில்லை. அதுதான் ஊசியம்மாவுக்கு இன்றுவரைக்கும் ஆறாதது. கதவில் சாய்ந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "என் ரத்தம் எவ்வளவுன்னு எனக்கு முன்னாடி என் மேனேஜருக்குத் தெரிஞ்சிருக்கு. இது உனக்குத் தப்பாவே படலையா?" ஊசியம்மாவுக்குத் தப்பாகப் படவில்லை. பெற்றவளுக்கு இல்லாத உரிமையா என்றாள். பதினோரு நாளில் மகள் வேலையை விட்டாள், வேறு ஊரில் வேறு கிடங்கில் சேர்ந்தாள், தனி அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் மறுநாள் ஒரு வார்த்தை வரும்.

மகளின் மிச்சச் சாமானை எடுக்க வந்தபோதுதான் கேப்டன் வாய்தவறி இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் ஆடுவோம், நாலாவது ஆள் நின்றுவிட்டார், தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள். ஊசியம்மா பிடித்த பிடியை விடவில்லை. கேப்டன் போய் மகளிடம் கேட்டாள். இரண்டு நாள் கழித்துச் சரி என்று வந்தது, ஒரு நிபந்தனையோடு. விளையாட்டுப் பேச்சு மட்டும்தான். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை போட்டாயா, எதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் அந்த நிமிஷமே வெளியே போய்விடுவாள். இரண்டாம் மாசம் ஒரு தடவை, குரல் கம்மியிருக்கிறதே, சளியா என்று ஊசியம்மா வாயை விட்டுவிட்டாள். மகள் மூன்று வாரம் விளையாட்டுப் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு ஊசியம்மா நாக்கை மடித்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மகளின் குரல் காதில் விழும். "இடது பக்கம் வா. குனி. ஓடு." அது போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். போதவில்லை என்பது வேறு விஷயம்.

அதனால்தான் மிருகம் விஷயத்தில் இத்தனை யோசனை. தப்பான மிருகத்தை எடுத்துப் பத்தாவது தடவையும் தோற்றால் குழுவைக் கலைத்துவிடலாம் என்று கேப்டன் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். குழு கலைந்தால் அந்தக் குரலும் போச்சு.

யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். வீடியோவைப் போட்டால் ஒருவன் கரடிதான் என்று நாற்பது நிமிஷம் பேசினான். இன்னொருவன் கரடியை எடுத்தவன் உருப்பட மாட்டான் என்று ஐம்பது நிமிஷம் பேசினான். மூன்றாமவன் பட்டியல் போட்டு, கணக்குப் போட்டு, கடைசியில் எல்லாம் உங்கள் ஆட்டத்தைப் பொறுத்தது என்று முடித்தான். இதைச் சொல்ல உனக்கு எதற்கடா ஒரு மணி நேரம் என்று அவள் திரையைப் பார்த்துத் திட்டினாள். வேலை செய்கிற இடத்தில் ரிசப்ஷனில் இருப்பவள் பருந்து என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, பார்க்க அழகாக இருக்கும் என்றாள். ஊசியம்மா தலையில் அடித்துக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். கற்றுக்கொள்கிறவர் ஓட்ட, இவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை அமுக்கிக்கொண்டே ஊரைச் சுற்றுவார். அவர் சிரித்து முடித்துவிட்டு, கரடியை எடு, அது என் பிரேக் மாதிரி, ஆபத்து வருவதற்கு முன்னாலேயே அமுக்கிவிடும் என்றார்.

"உங்ககிட்ட கத்துக்கிட்டவங்கள்ல முதல் தடவையே லைசென்ஸ் வாங்கினவங்க எத்தனை பேரு?" என்று இவள் கேட்டாள்.

அவர் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கேப்டன் ஒரே பிடிவாதமாகக் கரடி என்றாள். ஒன்பது தடவையும் முதலில் விழுவது கத்திக்காரிதான், அவள் விழுந்தால் மீதிப் பேரும் வரிசையாக விழவேண்டியதுதான், கரடி முன்னால் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம் என்றாள். ஊசியம்மாவின் மனசும் கரடியைத்தான் சுற்றியது. மகள் அடிவாங்கி விழுவதை ஒன்பது தடவை பார்த்தவள் அவள். பொம்மைதான், சாயம் பூசின படம்தான், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்கென்றது.

கடைசியில் மகளிடமே கேட்டுவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை ஒரு மெசேஜ் அனுப்பினாள். விளையாட்டுப் பேச்சுதானே, நிபந்தனைக்குள்தானே வருகிறது. "கரடியா, மானா?" புதன்கிழமை பதில் வந்தது. "உன் இஷ்டம்."

ஊசியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயசிலிருந்தே இவள் இப்படித்தான். எந்தச் சட்டை என்றால் உன் இஷ்டம், எந்தக் காலேஜ் என்றால் உன் இஷ்டம். பிறகு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவாள். வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லித் தொலைத்தால் என்ன? அன்றைக்கு முழுக்க ரத்தம் எடுக்கும்போது அவள் யாரிடமும் பேசவில்லை. கையை நீட்டுங்கள், மடக்குங்கள், அடுத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டே முக்காலுக்கு மகளின் பழைய அறையில், மகளின் பழைய நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். மற்ற மூன்று பேரும் ஆறாம் வாசல் படிக்கட்டில் வந்து நின்றிருந்தார்கள். எடுத்தாச்சா ஆன்ட்டி என்று கேப்டன் கேட்டாள். இதோ எடுக்கிறேன் என்று இவள் மூன்று படத்தையும் திறந்தாள். அம்புக்குறியைக் கரடிமேல் கொண்டுபோய் வைத்தாள். அமுக்கியதும், உறுதியா என்று கேட்டுக் கீழே இரண்டு வரி வந்தது.

ஊசியம்மாவுக்கு வேலையிடத்துப் பழக்கம் ஒன்று உண்டு. ரத்தக் குழாயில் லேபிள் ஒட்டுவதற்கு முன்னால் அதில் இருப்பதை வாய்விட்டு இரண்டு தடவை படித்துப் பார்ப்பாள். அவசரத்தில் ஒருவர் பெயரை இன்னொருவர் ரத்தத்தில் ஒட்டிவிட்டால் அதைவிடப் பாவம் கிடையாது. அந்தப் பழக்கத்தில் திரையில் இருந்ததையும் வாய்விட்டுப் படித்தாள். மைக் திறந்திருந்தது.

"கரடி. கேட்காமலே முன்னால் போய் நிற்கும். கேட்காமலே..."

இரண்டாவது தடவை பாதியிலேயே குரல் நின்றுவிட்டது. ஹெட்போனில் மகளின் அறையில் ஓடுகிற மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மகள் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள்.

"ம். நல்லா படி."

ஊசியம்மாவுக்கு முகம் சுட்டது. முதலில் வந்தது கோபம்தான். குத்திக்காட்டுகிறாளே என்ற கோபம். கிடங்கின் கண்ணாடிக் கதவும், மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டதும், அந்தப் பக்கம் ரேக்குகளுக்கு நடுவே நின்று தன்னைப் பார்த்துவிட்ட மகளின் முகமும் கண்முன்னால் வந்தன. அந்த முகத்தை இவள் அன்றைக்கே பார்த்தாள். பார்த்துவிட்டும் பேச்சை நிறுத்தவில்லை. நல்லதுக்குத்தானே என்று எட்டு மாசமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தது இப்போது வாய்க்குள்ளேயே கசந்தது.

அம்புக்குறியை மான்மேல் நகர்த்தினாள். விசிலடித்தால் மட்டும் வரும். இப்படி ஒரு மிருகத்தை எந்தக் கிறுக்கன் யோசித்தான் என்று எரிச்சலாக இருந்தது. அடிபட்டுக் கிடக்கிறவளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு மிருகமா? அதுவும் இந்த மகளுக்கு. எட்டு மாசத்தில் ஒரு வாய்த் தண்ணீர் கேட்காதவள் விசிலா அடிப்பாள்? அடிக்கமாட்டாள் என்று ஊசியம்மாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் மானை அமுக்கினாள். அமுக்கிவிட்டு, "மான். எடுத்தாச்சு" என்றாள்.

"ஆன்ட்டி!" என்றாள் கேப்டன். மகள் வாசலுக்குள் நடந்தாள்.

பத்தாவது மோதல் எப்படி இருந்தது என்று சொல்லி மாளாது. பூதம் கையை ஓங்கிய முதல் அடியிலேயே மகளின் தலைக்கு மேல், உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற பச்சைக்கோடு பாதியாகிவிட்டது. மான் புல்லை மேய்ந்தது. உண்மையாகவே மேய்ந்தது, தலையைக் குனிந்து, வாலை ஆட்டிக்கொண்டு. இரண்டாவது அடியில் கோடு மஞ்சளானது. மான் காதைச் சொறிந்துகொண்டது. ஊசியம்மா இருக்கிற பொத்தான் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தாள். போடி, போய்த் தொலையேன் என்று மானைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். அந்த நேரம் பார்த்து விசில் சத்தம். நெஞ்சு துள்ளியது. பார்த்தால் தூக்கம். முழங்கையில் ஒரு கீறல் பட்டதற்கு விசிலடித்திருக்கிறான். மான் நாலுகால் பாய்ச்சலில் அவனிடம் ஓடி அக்கறையாக நக்கியது. அவனைத் தூக்கி அந்தப் பூதத்தின் வாயிலேயே போட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு. அடுத்து கேப்டன் விசிலடித்தாள். அவளிடமும் மான் ஓடியது.

மகளின் கோடு சிவப்பாகி, ஒரு நூல் அளவுக்கு வந்துவிட்டது. விசிலடிடி என்ற வார்த்தை ஊசியம்மாவின் தொண்டை வரைக்கும் வந்தது. அது விளையாட்டுப் பேச்சுதான், சொன்னால் தப்பில்லை, கேப்டனே சொல்லக்கூடியதுதான். இருந்தாலும் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். கேட்காமலே போனது ஒரு தடவை போதும்.

மகள் விசிலடிக்கவில்லை. பூதத்தின் காலில் கடைசியாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு விழுந்தாள். அதற்குப் பிறகு கேப்டன், அதற்குப் பிறகு தூக்கம், கடைசியில் ஊசியம்மாவும் மானும். திரை கறுத்து, மறுபடி வெளிச்சமானபோது நாலு பேரும் பழையபடி வாசல் படிக்கட்டில் நின்றார்கள். எல்லார் தலைக்கு மேலும் பச்சைக்கோடு நிறைய இருந்தது.

"கரடி இருந்திருந்தா இன்னைக்கு முடிச்சிருப்போம் ஆன்ட்டி" என்றாள் கேப்டன். கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரலில் சொன்னாள்.

"தெரியும்மா" என்றாள் ஊசியம்மா.

டீ குடித்துவிட்டு வருகிறேன், குழுவை என்ன செய்வது என்று வந்து பேசலாம் என்று கேப்டன் போனாள். தூக்கமும் தனக்கும் டீ என்று டைப் அடித்துவிட்டு நகர்ந்தான். இரண்டு பொம்மைகளும் படியில் உட்கார்ந்துகொண்டன. ஊசியம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, இருந்த இரண்டு மணி நேரத்தையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாயிற்று என்று ஹெட்போனைக் கழற்றப் போனாள்.

விசில் சத்தம் கேட்டது.

இந்தத் தூக்கத்துக்கு இப்போது என்ன கேடு என்று பார்த்தாள். மான் எழுந்து, தூக்கத்தைத் தாண்டி, கேப்டனைத் தாண்டி, படியோரம் நின்ற கத்திக்காரியிடம் ஓடியது. அவளைச் சுற்றி ஒரு தடவை மோந்து பார்த்தது. நக்குவதற்கு ஒரு காயமும் இல்லை. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டது.

ஊசியம்மாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "அடி ஒண்ணும் இல்லையே. தப்பா அமுக்கிட்டியா?" என்றாள்.

"இல்ல" என்றாள் மகள்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறை எப்படியிருக்கும் என்று ஊசியம்மாவுக்குத் தெரியாது. அந்த மின்விசிறிக்கு எண்ணெய் விட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

"பதினொண்ணு புள்ளி நாலு" என்றாள் மகள்.

அது எந்த நம்பர் என்று ஊசியம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கே எடுத்தாய், இரும்பு மாத்திரை போடுகிறாயா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, மாத்திரை போட்டவுடன் டீ குடித்துத் தொலைக்கிறாயா, இன்னும் பன்னிரண்டு ஆகவில்லையே, இத்தனையும் ஒரே நேரத்தில் வாய் வாசலுக்கு வந்து முட்டின. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லது" என்றாள்.

"போன செவ்வாய்க்கிழமை எடுத்தேன். ரெண்டு தடவை குத்திட்டாங்கம்மா."

இரண்டு தடவை. ஊசியம்மாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. எந்தக் கை என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, திரையில் மகள் பக்கத்தில் நின்ற மானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளே சொன்னாள்.

"இடது கை."